பெண்கள் வார்டில் சிவநேசன் அண்ணை

மூன்று வாரங்களுக்கு முன், ஈஸ்ட் ஹாமில் பஸ்ஸுக்காக நின்றபோது கிரேஸ் அழைத்தாள். "சிவா போய்விட்டார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். சிவநேசன் அண்ணைக்கு வயது ஐம்பத்திரண்டு. கணையப் புற்றுநோய், கண்டுபிடித்து நான்கே மாதம்.

நாங்கள் மூவரும் லண்டனில் ஒரே தாதியர் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். நைஜீரியாவிலிருந்து வந்த கிரேஸ், பிலிப்பீன்ஸ் பெண்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகள், நான் என்று எல்லா நிறத்திலும் வகுப்பில் ஆட்கள் இருந்தோம். கல்லூரி விளம்பரத்தில் எங்கள் படத்தைத்தான் போட்டார்கள். ஆண்கள் அண்ணையோடு இரண்டே பேர். மற்றவர் முதல் தவணையோடு நின்றுவிட்டார்.

அகதியாக வந்து, பதினைந்து வருடம் பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவர் அண்ணை. ஏன் இந்தப் படிப்பு என்று ஒருமுறை கேட்டேன்.

"சண்டைக்குள்ள காயக்காரரைத் தூக்கிக்கொண்டு ஓடினனான், பிள்ளை. தூக்கினாப் பிறகு என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை. அதைப் படிக்கத்தான் வந்தனான்."

இரண்டாம் வருடம் அவரையும் என்னையும் பெண்கள் வார்டொன்றில் பயிற்சிக்குப் போட்டார்கள். முதல் வாரமே ஒரு மூதாட்டி, "அந்தக் கறுப்பு ஆம்பிளை என்னைத் தொடக் கூடாது" என்றார். அண்ணை விலகிக்கொண்டார். ஆனால் எங்களுக்குப் பயிற்சி தந்து மதிப்பிடும் மூத்த தாதி அதன்பின் அவரை எந்த நோயாளியிடமும் விடவில்லை. மற்ற நோயாளிகளும் விரும்பமாட்டார்களாம். ஒருவரையும் கேட்கவில்லை. ஆறு வாரம் அவர் தேநீர் கொடுத்தார், படுக்கை விரித்தார். கடைசியில், நோயாளியைக் கழுவித் துடைக்கத் தெரியாதவர் என்று எழுதி, அந்தத் தாதி அவரைப் பெயிலாக்கினார்.

அண்ணை மேல்முறையீடு செய்தார். "கண்டதை மட்டும் எழுதித் தாரும், பிள்ளை" என்று என்னிடம் கேட்டார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

நான் பாஸாக எனக்கும் அதே தாதிதான் கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதவில்லை. கடைசி ஒரு வாரம் மட்டும் அங்கே வந்துபோன கிரேஸ் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அது போதாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அண்ணை அந்த வருடத்தைத் திரும்பப் படித்தார். அதற்குப் பிறகு முதியோர் வார்டில் பத்து வருடம் வேலை செய்தார். என் கலியாணத்துக்கும் வந்தார். ஒருநாளாவது என்னை ஏசியிருக்கலாம்.

சாவதற்கு ஐந்து நாள் முன் போய்ப் பார்த்தேன். "அண்ணை, அந்தக் கடிதம்..." என்று தொடங்கினேன்.

"எனக்கு நல்லா நொந்தது, பிள்ளை. உமக்குப் பயம் எண்டும் தெரியும்" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

நேற்று இறுதிச் சடங்கு. கல்லூரி நாட்களைப் பற்றிப் பேசும்படி அவருடைய மனைவி கேட்டிருந்தார். அவருடைய சிரிப்பைப் பற்றி எழுதிக்கொண்டு போயிருந்தேன். மேடையில் அதை மடித்து வைத்துவிட்டு, அந்த ஆறு வாரத்தையும் நான் எழுதாமல் விட்டதையும் சொன்னேன். அவருடைய மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தார், பிறகு குனிந்துகொண்டார்.

பெட்டி மெல்லத் தகன அறைக்குள் நகர்ந்தது. அதன்மேல் வைத்திருந்த கையை மனைவி எடுக்கவில்லை. பெட்டி போன பிறகும் அந்தக் கை அப்படியே நீண்டிருந்தது.

போயிட்டு வாங்கோ, அண்ணை. நான் வெட்கத்தோடுதான் நிற்கிறேன்.