மூன்றாவது வரி

இலங்கை மலையகத்தில், வட்டவளைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பிரேமினி கணித ஆசிரியையாகச் சேர்ந்தது 2012 ஜனவரியில். அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவு லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். தாயார் கொழுந்து பறித்தவர். பிரேமினி கண்டிப்பானவர். அவருடைய வகுப்பில் பிள்ளைகள் வாய் திறக்கமாட்டார்கள். அதை அவர் மரியாதை என்று நம்பியிருந்தார்.

2018 செப்டம்பரில், தரம் பதினொன்றுக்கு ஒரு சமன்பாட்டை விளக்கும்போது, அடைப்பை நீக்கிய இடத்தில் கழித்தல் குறியை மாற்றாமல் விட்டுவிட்டார். முன்வரிசையில் இருந்த தனுஜா எழுந்து நிற்காமலே, "மூணாவது வரி பிழைங்க டீச்சர்" என்றாள். யாரோ சிரித்தார்கள்.

"அப்ப நீங்களே வந்து படிச்சுக் குடுங்க மகாராணி" என்று சொல்லி, மணி அடிக்கும்வரை அவளை வெளியே நிறுத்தினார். விறாந்தையில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பலகைப் பக்கம் திரும்பிய பிறகுதான் மூன்றாவது வரியைக் கவனித்தார். பிழைதான். குறியை விரலால் அழித்துத் திருத்தினார். ஒன்றும் சொல்லவில்லை. அவளை உள்ளே கூப்பிடவும் இல்லை.

மறுநாள் தனுஜா வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. கொழும்பில் புடவைக்கடையில் வேலைக்கு நிற்கும் மாமன் மகளோடு அவளும் போகப்போகிறாள் என்று பிள்ளைகள் சொன்னார்கள். டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை; அதை எழுதாமல் போனால் படிப்பு அதோடு முடிந்துவிடும்.

அன்று மாலையே பிரேமினி லயத்துக்குப் போனார். தனுஜாவின் தாய் காளியாயி, வீட்டில் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுக் கதவோரம் நின்றார். மகளை வந்து டீச்சர் காலில் விழச் சொன்னார். அடுப்படியில் இருந்த மகள் வெளியே வரவில்லை.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். வெளிய நிக்க வெச்சதெல்லாம் எங்களுக்குப் பெரிசில்லைங்க. காலையில பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்திப் போனா, என்னையுந்தான் கண்டாக்கய்யா அத்தன பேருக்கு முன்னால நிக்க வெச்சுத் திருப்பி அனுப்புறாரு. பழகிப்போச்சு. இவளும் பழகிக்கணுமில்ல."

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மேற்பார்வைக் கண்டாக்கய்யா திருப்பி அனுப்ப, பிரேமினியின் தாயும் அப்படி வெறுங்கூடையோடு திரும்பி வந்ததுண்டு. அந்த நாட்களில் தாய் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். பிரேமினி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அவ பழக வேணாங்கக்கா. பிழை என்னோடது. அவ சொன்னதுதான் சரி."

"அத இங்க சொல்லி என்னங்க டீச்சர்?" என்றது அடுப்படியிலிருந்து குரல். "சிரிச்சவங்கல்லாம் அங்கதான இருக்காங்க."

காளியாயி மகளை அதட்டினார். அவள் கேட்பது சரிதான் என்று சொல்லிவிட்டு பிரேமினி இறங்கி வந்தார்.

மறுநாள் காலை பாடசாலை அதிபர் இராசரத்தினத்திடம் நடந்ததைச் சொன்னார். அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "பிள்ளையளுக்கு முன்னால பிழையை ஒத்துக்கொண்டா, பிறகு ஒருத்தரும் உங்களை மதிக்கமாட்டினம்" என்று எச்சரித்தார்.

"இப்பவும் மதிக்கலீங்க சேர். பயப்படுறாங்க."

வகுப்பில் அதே சமன்பாட்டைப் பிழையோடு எழுதி, மூன்றாவது வரியின் கீழே கோடிட்டார். இது தன் பிழை என்றும், தனுஜா சரியாகக் காட்டினாள் என்றும், அதற்காக அவளை வெளியே நிறுத்தியது இதைவிடப் பெரிய பிழை என்றும் சொன்னார். முன்வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. பாடசாலை விடுவதற்குள் செய்தி லயத்துக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை தனுஜா வந்தாள். பிந்திவிட்டதால் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க" என்றார் பிரேமினி.

அவள் உட்கார்ந்ததும் பாடம் தொடர்ந்தது. ஐந்தாறு வரி எழுதிய பின் பிரேமினி திரும்பி, இதுவரை சரிதானா என்று பொதுவாகக் கேட்டார். யாருக்கும் பதில் சொல்லப் பழக்கமில்லை. தனுஜா மட்டும் முதல் வரியிலிருந்து மெதுவாக வாசிக்கத் தொடங்கினாள். அவள் வாசித்து முடிக்கும்வரை பிரேமினி வெண்கட்டியை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்.