ஜான் போட்டா, பான்டூனா?

என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே அவருக்குப் படகுப் பைத்தியம் பிடித்தது. காஜாங் பக்கம் ஈயம் தோண்டிய பழைய குட்டையில் தூண்டில் போட வேண்டுமாம். பிரிக்பீல்ட்ஸில் பன்னிரண்டாவது மாடியில் இருந்துகொண்டு படகை எங்கே நிறுத்துவது என்று கேட்டேன். காஜாங்கில் ஒரு கூட்டாளியின் வீட்டு வாசல் இருக்கிறது என்றார். எதற்கும் அவருக்கு ஒரு கூட்டாளி இருப்பார்.

எனக்குச் சிக்கலே அந்தக் கூட்டாளிகள்தான். முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர்களுக்குச் சமைக்கும் நாள். நல்லவர்கள்தான், சாப்பிட்டுவிட்டு மனதாரப் பாராட்டுவார்கள். ஆனால் இனிமேலாவது இந்த மனிதரோடு தனியாக ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் ஆசை அவ்வளவுதான்.

கிள்ளானில் படகு விற்கும் இடத்துக்கு நானும் போனேன். ஆற்றோரம் இரண்டைக் கட்டி வைத்திருந்தார்கள். ஜான் போட் என்பது அடி தட்டையான அலுமினியப் படகு, கேக் சுடும் தட்டைப் பெரிதாக்கியது மாதிரி. பான்டூனோ இரண்டு பெருங்குழாய்களின் மேல் ஒரு மேடை. சுற்றிலும் கம்பி, மெத்தை நாற்காலி, கூரை. குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். வெறும் காற்று என்றார் கடைக்காரச் சீனர். ஓட்டை விழுந்தால்? உள்ளே அறை அறையாகத் தடுத்திருக்கிறதாம், ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தாங்குமாம். தண்ணீர் என்றாலே நடுங்கும் எனக்கு அதைத் தெரிந்துகொண்டதில் ஒரே சந்தோஷம். ஜான் போட்டின் ஓரத்தில் கால் வைத்தேன், சாய்ந்தது. நடுவில் உட்கார்ந்ததும் அடங்கிவிட்டது. அது ஏன் என்றும் கேட்டேன். கனம் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் சமமாகத் தாங்குமாம்.

என் பயத்தை நினைத்துக் கணவர் பான்டூனையே வாங்கலாம் என்றார். "பத்து பேரு ஏறலாம். நீயும் பயமில்லாம வரலாம் லா."

அதில் அடுப்பு வைக்கக்கூட இடம் இருந்தது. கடைக்காரர் அதைப் பெருமையாகக் காட்டினார்.

"அந்தப் பத்து பேருக்கும் யாருங்க சமைக்கிறது? சின்னதையே வாங்குங்க. சாஞ்சா சாயட்டும், நான் வரேன்."

கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னதே போதும் என்று கடைக்காரரிடம் சொன்னார். இதிலும் நாலு பேர் தாராளமாக உட்காரலாம் என்று கடைக்காரர் ஆறுதல் சொன்னார். நான் கணக்குப் போட்டேன். நாலு என்றால் இன்னும் இரண்டு கூட்டாளிகள்.

பூசைக்காகப் படகை டிரெய்லரில் ஏற்றி, காருக்குப் பின்னால் கட்டிக் கோயிலுக்கு இழுத்துப் போனோம். புது வண்டி என்றால் ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைப்போம். படகுக்கு எங்கே வைப்பது என்று குருக்களே யோசித்தார். கடைசியில் அதை ஏற்றி வந்த டிரெய்லரின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். கூட்டாளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஒருவர் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டார்.

நான் கணவரைப் பார்த்தேன். என் கணவருக்குப் பொய் சொல்லவே வராது.

அவர் யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கினார்.

"ரெண்டு பேருதான் லா. மூணாவது ஆள் ஏறுனா முங்கிரும்."