சிவப்பு போகாத குழாய்கள்

நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பின்னறையில் நாங்கள் இரண்டு பேர். நானும், கோட்டுகாலிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணும். என்னைவிட ஆறு வயது இளையவள், கடற்கரைக்காரி. இருவருக்கும் ஒப்பந்த வேலை. மாதம் முடிந்ததும் ஒருவர் போதும் என்று பொறுப்பாளர் மேடம் சொல்லிவிட்டார். அந்த வாரத்திலிருந்துதான் என் குழாய்கள் கெட ஆரம்பித்தன. தற்செயல் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

ரத்தத்தில் சிவப்பணுக்கள்தான் பெருங்கூட்டம். வெள்ளையணுக்களைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அந்தக் கூட்டத்தை ஒழிக்க வேண்டும். அதற்கென்று ஓர் உப்புத் திரவம் உண்டு. ரத்தத்தில் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும்; கலங்கிக் கிடந்தது பால் விடாத கட்டன்சாயாபோலத் தெளியும். பிறகு இயந்திரத்தில் சுற்றினால் வெள்ளையணுக்கள் அடியில் வெண்மையாகப் படியும். என் குழாய்களில் மட்டும் அடியில் சிவப்பாகவே படிந்தது. ஒரு சின்னப் பெண்குழந்தையைத் திரும்பக் கூப்பிட்டு இரண்டாவது தடவை ஊசி குத்த வேண்டி வந்தது. அதன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கூசுகிறது.

அவளோ நேரமே பார்க்கமாட்டாள். குழாயை ஒரு காகிதத்துக்கு முன்னால் பிடிப்பாள். பின்னாலிருக்கும் எழுத்து தெரிந்தால் எடுத்துவிடுவாள். நான் முறைப்படி செய்கிறவள். தொடங்கும் நேரத்தைப் போனில் பார்த்து மூடியில் எழுதிவிட்டுத்தான் கிளவுஸ் மாட்டுவேன். கிளவுஸ் கையால் போனைத் தொடக்கூடாது, அதனால் எடுக்கும் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தில் பார்ப்பேன். ஒழுங்காகச் செய்கிறவளுக்குக் கெட்டுப்போகிறது, கடிகாரமே பார்க்காதவளுக்குச் சரியாக வருகிறது. இது எந்த ஊர் நியாயம்?

திரவத்தில் அவள் தண்ணீர் கலக்கிறாள் என்று முடிவுகட்டினேன். குப்பியில் பேனாவால் கோடு போட்டு வைத்தேன். கோடு அசையவில்லை, கெட்டிக்காரி, எடுத்த அளவு ஊற்றியிருப்பாள் என்று நினைத்தேன். புதுக்குப்பி கலக்கி என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதுவும் சிவப்பாகவே படிந்தது. அப்படியானால் கள்ளச்சாவி வைத்திருக்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அவள் சிரித்தாலும் பேய், சிரிக்காவிட்டாலும் பேய். கடைசியில் மேடத்திடம் போய்ச் சொல்லியேவிட்டேன்.

மேடம் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். வெளியே வந்தபோது அவள் முகம் வீங்கியிருந்தது.

“ஒங்களுக்க குப்பிய நான் தொட்டதில்ல சேச்சி. மாதாவாண, உள்ளதத்தான் சொல்லுதேன்” என்றாள்.

ஆணையிடுகிறவளை நம்பக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் கையும் களவுமாகப் பிடிக்கத் திட்டம் போட்டேன். மூடியில் நேரத்தை எழுதி, திரவத்தை ஊற்றி, கிளவுஸைக் கழற்றிவிட்டு, போனில் வீடியோவைத் தட்டி, என் மேசை முழுதும் தெரிகிற மாதிரி பெட்டிகளுக்கு நடுவே சாய்த்து வைத்தேன். சாயா குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வராந்தாவில் நின்றேன். அங்கிருந்து சுவர்க் கடிகாரம் மட்டும் தெரியும். அது பத்து நிமிடம் ஆனதாகக் காட்டியதும் உள்ளே வந்து வீடியோவை நிறுத்தினேன்.

கழிப்பறையில் நின்று பார்த்தேன். அவள் என் மேசைக்கு வந்தாள். குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள், இன்னும் தெளியவில்லை என்பதுபோல் தலையை ஆட்டினாள், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான். திரும்பப் போட்டுப் பார்க்கலாமென்று விரலை வைத்தபோதுதான் கீழே இருந்த எண் கண்ணில் பட்டது. முழுப்படமும் மூன்று நிமிடம்தான்.

மீதி ஏழு நிமிடம் எங்கே போயிற்று என்று எனக்கு உடனே தெரிந்தது. மேடம் ஆள்குறைப்பைச் சொன்ன அதே வாரம், வீட்டுக்குத் திரும்ப நான் ஏறும் பாறசாலை சாயந்திர பாசஞ்சர் ரயிலை இரண்டு நாள் அடுத்தடுத்துத் தவறவிட்டேன். அந்தக் கோபத்தில் ஸ்டூலில் ஏறி, சுவர்க் கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னால் தள்ளி வைத்தவள் நானேதான். ஓரிரண்டு நாள் ஞாபகம் இருந்தது, பிறகு அதுவே நேரமாகிவிட்டது. போனில் தொடங்கி, சுவரில் முடித்து, மூன்றே நிமிடத்தில் குழாயை எடுத்திருக்கிறேன். அன்று ஆடுகிற ஸ்டூலை விழாமல் பிடித்துக்கொண்டது அவள்.

வீடியோவை அழித்துவிடலாமா என்றுதான் முதலில் தோன்றியது. பொய் சொல்லவில்லை. கடிகாரத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் வேலை எனக்குத்தான். கொல்லயில் என்ற எங்கள் ஊரில் கட்டிய வீட்டின் கடனும் மகளுடைய பள்ளிக்கூடமும் கண்முன்னே வந்தன. ஆனால் அந்தத் தலையாட்டலை அழிக்க விரல் வரவில்லை.

போனை மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டி, கடிகாரத்தைத் தள்ளி வைத்ததையும் சொன்னேன். மேடம் படத்தை இரண்டு தடவை பார்த்தார். “அப்ப வேலை அவளுக்காக்கும். ஒனக்குச் சம்மதந்தானே?” என்றார். சம்மதம் என்றேன். சம்மதமே இல்லை.

பின்னறைக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் மூலையில் கிடந்த ஸ்டூலைக் கடிகாரத்துக்குக் கீழே இழுத்துப் போட்டாள்.

“ஏறுங்க சேச்சி. நான் பிடிக்கேன்.”

ஏறினேன். நடுங்கியது என் கால்தான். ஸ்டூல் அசையவில்லை.