முன்னால் நிற்கும் வண்டி

போன செவ்வாய்க்கிழமை மஹய்யாவயில் ஒரு த்ரீவீலர்காரர் என்னை ஏற்ற மாட்டேன் என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கோபத்திலா? அதுதான் இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். பிளேன்டீ ஐந்து நிமிடம் பிந்தினாலே சண்டைக்குப் போகிற ஆள் நான். ஆனால் அன்று... இருங்கள், மூன்று மாதம் பின்னால் போய் வருவோம்.

அப்போதுதான் மழையில் வாசற்படி வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். (அதைப் பற்றி இங்கே நான் புலம்பியது உங்களுக்கு நினைவிருக்கலாம்.) கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி, ஆண்கள் விபத்து வார்டு, ஆறு நாள். அங்கே என்னைப் போலத் தானாக விழுந்தவர்களும் இருந்தார்கள். அடுத்தவர் அடித்து விழுந்தவர்களும் இருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில் யோகன் இரண்டாம் வகை. மஹய்யாவயில் த்ரீவீலர் ஓட்டுகிறவர், நாற்பது வயது இருக்கும். தலையில் பதினொரு தையல், இடது கையில் மாவுக்கட்டு. த்ரீவீலர்கள் வரிசையாக நிற்கிற பார்க்கில், அடுத்து ஆளேற்றுவது யாருடைய டர்ன் என்று தகராறு. ரவி என்கிற இன்னொரு டிரைவர் வீல் ஸ்பேனரைத் தூக்கிவிட்டார். ஒரே ஒரு ஹயருக்காக, ஒரு சவாரிக்காக!

என் கால்வலியை விட எனக்குப் பயமாக இருந்தது பகல் பார்வையாளர் நேரம். யோகனின் மனைவி லெட்சுமி சோற்றுப் பார்சலோடு வருவார். பின்னாலேயே லெட்சுமியின் தம்பியும் மூன்று கூட்டாளிகளும் வந்து கட்டிலைச் சுற்றி நிற்பார்கள்.

“மச்சான், நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. அவன் பிணையில வந்து பார்க்லதான் நிக்கிறான். டிக்கெட் வெட்டட்டும், அன்னைக்கே அவன் கதைய முடிச்சிருவோம்.”

டிக்கெட் வெட்டுவது என்றால் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது. யோகன் தலையாட்டுவார். லெட்சுமி பார்சலைப் பிரித்தபடி சுவரைப் பார்ப்பார். நான் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொள்வேன். என் வீரமெல்லாம் பிளேன்டீ வரைக்கும்தானே!

மூன்றாம் நாள் அதே நேரத்தில் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஃபைல். விபத்துக் கேஸ் பிடிக்கிற தரகர் என்று நினைத்து, “எனக்கு ஒண்ணும் வேணாம், போங்க” என்று துரத்தினேன். சிரித்துவிட்டு யோகன் பக்கம் திரும்பினார். பெயர் மாரிமுத்து, புசல்லாவைக்காரர், யோகனை விட வயதில் குறைந்தவர். தம்பியார் போட்ட திட்டம் முழுவதையும் பொறுமையாக நின்று கேட்டார். புத்திமதி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு சொல் இல்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

“சரிங்க, முடிச்சிர்றீங்க. அதுக்குப் பொறகு ரிமாண்டுக்குச் சோறு யாரு கொண்டு போறது?”

கூட்டாளி ஒருவர் ஃபோனை எடுத்துப் பார்த்தார். லெட்சுமிதான் வாய் திறந்தார். அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

“நான் போக மாட்டேன். இங்க கொண்டு வர்றதோட சரி. அதுக்கு மேல என்னால ஏலாது.”

யோகன் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. சாப்பிடவும் இல்லை.

எல்லோரும் போன பிறகு மாரிமுத்து கதிரையை இழுத்து என் பக்கத்திலும் உட்கார்ந்தார். தரகர் என்று நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தழும்பு.

“இதே வார்டுல மூணு தடவ படுத்திருக்கேன் சேர். கத்தி, போத்தல், மறுபடி கத்தி. ஒவ்வொரு தடவையும் நல்லாத்தான் தச்சு அனுப்பினாங்க. மூணாவது தடவதான் ஒரு டொக்டர் கேட்டாரு, வீட்டுக்குப் போனதும் என்ன செய்யப் போறீங்கன்னு. அதுவரைக்கும் யாருமே கேக்கல.”

அடிபட்டு வந்தவர் மறுபடியும் அடிபட்டு வராமல் — அடுத்தவரை அடித்து அனுப்பாமலும் — பார்த்துக்கொள்ள அங்கே சில டொக்டர்களும் சமூக சேவையாளர்களும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். மாரிமுத்து அதில் ஒருவர். வீடு வரைக்கும் போவார்களாம். தையல் பிரித்தால் ஆஸ்பத்திரியின் வேலை முடிந்தது என்றுதானே நாமெல்லாம் நினைத்திருந்தோம்? கட்டிலில் கிடக்கிறவருடைய கோபத்துக்கு என்ன வைத்தியம் என்று யார் யோசித்தோம்? எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

யோகனுக்கு டிக்கெட் வெட்டிய நாளில் மாரிமுத்து மறுபடி வந்தார். மறுபடி ஒரே கேள்விதான்.

“எந்த வழியா வீட்டுக்குப் போறீங்க?”

யோகன் விழித்தார். பார்க்கைத் தாண்டித்தான் அவர் வீடு.

“அப்ப நானும் வர்றேன்” என்று மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டார் மாரிமுத்து. லெட்சுமி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், நடுவில் யோகன். வார்டு வாசலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். கைத்தடியோடு மஹய்யாவ பார்க்குக்குப் போனேன். வரிசையில் இரண்டாவது வண்டியில் யோகன்! “சேர், கால் எப்படி?” என்று ஓடி வந்தார். முடிக்குள்ளே தழும்பு கோடாகத் தெரிந்தது. சந்தோஷத்தோடு அவர் வண்டியில் காலை வைத்தேன். தடுத்துவிட்டார்.

“இதுல வேணாம் சேர். முன்னுக்கு நிக்கிற வண்டியில ஏறுங்க. அவரு டர்ன்.”

முன்வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: “அது... ரவியா?”

“ஆமா சேர்.”

“அப்ப கேஸ்?”

“கோட்டுல நடக்குது. அடுத்த தவணைக்கு ரெண்டு பேரும்தான் போகணும். கேஸ் வேற, டர்ன் வேற.”

பக்கத்துக் கம்பத்தில் ஒரு பலகை. வந்த வரிசைப்படி சோக்கால் எழுதிய பெயர்கள். அதை அங்கே மாட்ட வைத்தவர் மாரிமுத்துதானாம். “மொத ரெண்டு கிழமையும் அவரு தெனமும் வந்து இங்க நின்னாரு. எனக்குக் கை துறுதுறுன்னுதான் இருந்திச்சு சேர், பொய் சொல்லல” என்றார் யோகன்.

எத்தனையோ பெரிய மனிதர்களைப் பேட்டி கண்டிருக்கிறேன். கும்பிட வேண்டும் என்று தோன்றியது அந்த வரிசையில்தான். பதினொரு தையல் போட்ட தலை, அதை உடைத்தவருக்கே ஹயர் அனுப்புகிறது! ஒரு மனிதரை அந்த இடத்துக்குக் கொண்டுவர எத்தனை நாள் கூடவே நடந்திருக்க வேண்டும்?

முன்வண்டியில் ஏறினேன். குண்டசாலையில் என் வீடு வரும்வரை ரவி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. என் வாய்க்கு அது பெரிய சாதனை. வீட்டு வாசலில் இறங்கும்போது மட்டும், “பாத்து எறங்குங்க சேர்” என்று கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அவருடைய கேட் அருகில் நின்றிருந்தார். அவரோடு நான் பேசி நான்கு வருடமாகிறது. அவர் என் தலையை உடைக்கவில்லை... எங்கள் மாமரத்தில் ஒரு கிளையை வெட்டினார்.