வலமிருந்து தொடங்கும் போர்

அப்போது வளைகுடா நாட்டில், தேரா என்ற இடத்தில் ஒரு ஹோட்டலில் எனக்கு செக்யூரிட்டி வேலை. அங்கே புதிதாக ஜப்பான் ரெஸ்டாரன்ட் திறந்து, அதற்குப் போகும் வராந்தா நெடுக ஒரே நீளப் படம் ஒட்டினார்கள். அந்த நாட்டில் பல நூறு வருஷத்துக்கு முன் காகிதச் சுருளில் வரைந்த போராம், அதன் பெரிய நகல். சுவரின் இடது கோடியில், வேலையாட்கள் நுழையும் கதவருகே என் டூட்டி. உட்காரக் கூடாது. நாற்காலி கேட்டதற்கு மேனேஜர் எரிந்து விழுந்தான்.

வேறென்ன செய்வது, படத்தைப் பார்த்தேன். நம் வழக்கப்படி இடமிருந்துதான். முதலில் குதிரை வீரர்கள், ஈட்டி முனையில் ஒரு தலை. அடுத்து அரண்மனை எரிகிறது. பக்கத்தில் கிணற்றிலிருந்து பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தியாக ஏறி வருகிறார்கள். வலக் கோடியில் புகையே இல்லை, மாட்டு வண்டிகளும் ஜனங்களுமாகத் தெரு. அப்பாடா, பிழைத்தார்கள் என்றிருந்தது.

ஊரில் என் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது, நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. என் பாஸ்போர்ட்டை வாங்கி ஹோட்டல் ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். லீவு கேட்டால் எப்போதும் அடுத்த மாதம். வெள்ளிக்கிழமை போனில் மனைவியிடம் வேறு என்ன சொல்ல? கிணற்றுப் பெண்களைப் பற்றிச் சொன்னேன். மேலே இருப்பவளை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. “வெளிய வந்துட்டாளா?” என்று வாராவாரம் கேட்பாள்.

ஒருநாள் ஜப்பான்காரச் சமையல்காரர் நான் பார்ப்பதைக் கண்டு சிரித்தார். கையைப் பிடித்து வலக் கோடிக்கு இழுத்துப் போனார். “ஸ்டார்ட் ஹியர்” என்றார். வண்டிகள், தீ, கிணறு, கடைசியில் தலை என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தார். கிணற்றருகே நின்று, குதிப்பது போல் கையைக் கீழே இறக்கினார்.

“அடப்பாவிகளா!” என்று கத்திவிட்டேன். ஏறவில்லை, தீக்குப் பயந்து குதித்திருக்கிறார்கள். நேரே மேனேஜரிடம் போய் லீவு கொடுத்தே ஆக வேண்டும் என்று மேசையைத் தட்டினேன்.

“ஆத்மி நஹி ஹை, பாய். மாஃபி லீவ். கலாஸ்” என்றான், தலையைக்கூட நிமிர்த்தாமல். ஆள் இல்லை, லீவும் இல்லை, அவ்வளவுதான்.

திரும்பி வந்து அதே கதவருகே, அந்தத் தலைக்குப் பக்கத்தில் நின்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் போனில் மனைவி கேட்டாள். “வந்துட்டாளா?”

“வந்துட்டா.”

“நெஜமாவா? யாரு தூக்கி விட்டா?”

பின்னால் குழந்தை எதற்கோ சிணுங்கியது.

“சரி, அவள விடுங்க” என்றாள். “ஒங்கள எப்ப விடுவாங்க?”