தவக்காலத்தில் ஓடிய படம்

போன மாதம் என் மகள் ஜித்ராவிலுள்ள புருஷன் வீட்டிலிருந்து ஒரு பையோடு வந்து வாசலில் நின்றாள். கல்யாணமாகி எட்டு மாதம். கன்னம் வீங்கியிருந்தது. பையை வாங்கி உள்ளே வைத்தேன். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. அந்தப் புத்தியை எனக்குக் கொடுத்தது ஒரு பழைய அமெரிக்கப் படம். படத்தை எனக்குக் காட்டியவர் என் அத்தை.

அப்பாவின் தங்கை அவர். சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களோடு இருந்தபடி சுங்கை பட்டாணி டவுனில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்தார். யாரிடமோ நகலெடுத்து வாங்கிய வீடியோ டேப் அது. அமெரிக்காவில் கடுமையான தணிக்கை வருவதற்கு முன் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அடிக்கும் புருஷனை விட்டு ஒருத்தி கைக்குழந்தையோடு வெளியேறுவாள். ஓட்டலில் வேலை பார்ப்பாள், சிகரெட் பிடிப்பாள், பிடித்தவனோடு சிரிப்பாள். கடைசியில் சாகவும் மாட்டாள், மன்னிப்பும் கேட்க மாட்டாள். ரயிலேறித் தொப்பியைச் சரிசெய்துகொள்வாள், அவ்வளவுதான். தணிக்கை வந்த பிறகு அப்படி ஒருத்தியை அழவைக்காமல் விடமாட்டார்கள் என்பார் அத்தை. எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனாலும் அந்தப் படமென்றால் உயிர்.

பாஸ்காத் திருநாள் முடிந்ததும் அத்தைக்குக் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வந்துபோகும் ஞாயிறுகளில் அத்தை அதிகம் பேசமாட்டார். அந்த டேப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

பாஸ்காவுக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் எங்கள் வீட்டில் பாட்டு, ஆட்டம், கலர்ப் படம் எதுவும் கூடாது. இதில் பாட்டும் இல்லை, கலரும் இல்லை. அம்மா தடுக்கவில்லை. ஆகவே இது பக்திப் படம் என்று பத்து வயதில் நான் முடிவுசெய்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை ஜெபம் முடிந்து, தோட்டத்துச் சிற்றாலயத்தில் ஏசுநாதர் படம் போட்டார்கள். பாதியில் டேப் சிக்கி அறுந்தது. நான் வீட்டுக்கு ஓடி அத்தையின் டேப்பைக் கொண்டுவந்தேன். ஜெபம் நடத்தும் உபதேசியார் என் தலையைத் தடவிக்கொடுத்து வாங்கிப் போட்டார்.

கால்மணி நேரம் எல்லாரும் பயபக்தியாகத்தான் பார்த்தார்கள். ஒரு கிழவி சிலுவை அடையாளம்கூடப் போட்டுக்கொண்டார். பிறகு கதாநாயகி உள்பாவாடையோடு ஒருவனை இழுத்து முத்தமிட்டாள். உபதேசியார் பாய்ந்துபோய்க் கைகளை விரித்துக்கொண்டு டிவியை மறைத்தார்.

“தள்ளுங்கலா உபதேசியாரே! அடி வாங்கிட்டு வந்த பிள்ளைக்கு சோறு கெடச்சுச்சா இல்லையான்னு பாக்க வேணாமா?” என்று பின்னாலிருந்து பால்மரம் வெட்டும் அக்கா ஒருவர் கத்தினார்.

முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். “யாரு வீட்டு டேப்பு இது?”

நான் எழப்போனேன். அதற்குள் அத்தை எழுந்துவிட்டார். “என்னோடதுதான். ரொம்பப் பிடிச்ச படம். நாப்பது தடவ பாத்திருப்பேன்.”

அடுத்த வாரமே சம்பந்தம் முறிந்தது. அப்பா ஒரு மாதம் அத்தையோடு பேசவில்லை. என் தவற்றைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அத்தை வாழ்க்கையை இழந்தார் என்று ஜெபத்தில் எத்தனையோ வருடம் அழுதிருக்கிறேன்.

மகளைக் கோத்தா கோலா மூடாவிலிருக்கும் அத்தை வீட்டுக்கு அழைத்துப்போனபோதுதான் முதன்முறையாக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“அடி பைத்தியம்,” என்றார் அத்தை. “அந்த ஆளு ரெண்டு தரம் எம்மேல கைய ஓங்கிட்டான். எப்படி நிறுத்துறதுன்னு தெரியாம தவிச்சிட்டிருந்தேன். அப்பத்தான் நீ டேப்பத் தூக்கிட்டு வந்து நின்னே.”

மகள் அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அத்தைக்கும்தான்.

அன்று சிற்றாலயத்தில் அத்தனை பேர் முன்னால் பேசியபோது அத்தையின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஏன் என்றுதான் யோசிக்கவில்லை.