இடது காதில் உடைந்த பேசின்கள்

வாஷ்பேசின் தொழிற்சாலையில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் டொக்கம்மா. சூளையிலிருந்து வரும் பேசினை மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவாள். கணீரென்றால் நல்லது. சத்தம் இறங்கி டொக்கென்றால் உள்ளே விரிசல். அங்கேயே உடைத்து முற்றத்தில் கொட்டிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அவள் வைத்ததுதான் சட்டம். முட்டி தேய்ந்தபிறகு, உட்கார்ந்து செய்கிற அந்த வேலையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், மின்விசிறி மாட்டுகிறோம் என்று அவள் மேசையை எதிர்ச்சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். அன்றைக்குப் பிடித்தது சனியன். வண்டிக்கு ஒன்று டொக்கென்ற காலம் போய், ஏழும் எட்டும் டொக்கென்றன. அவள் வரிசைக்கு அச்சில் மண்குழம்பு ஊற்றுகிறவன் வேறு யாருமில்லை, சொந்தக் கொழுந்தன்.

"மண்ணைக் கலக்கும்போது உன் மனசு எங்க மேயப் போகுது?" என்று வீட்டில் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டாள்.

"நான் செஞ்சது சரியாத்தான் இருக்கு, அண்ணி."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அடுத்த மாதமே சூப்பர்வைசர் அவனை அச்சிலிருந்து எடுத்து, முற்றத்தில் ஓட்டாஞ்சில்லு கூட்ட விட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அண்ணியின் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு எழுந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து மகள் போனில் பேசினாள். வலது காது வேர்க்க, டொக்கம்மா போனை இடது காதுக்கு மாற்றினாள்.

"ஏன்டி, திடீர்னு தொண்டை கட்டிக்கிச்சா?"

"எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்?"

வலதுக்கு மாற்றினாள், பழைய குரல். இடதுக்கு வைத்தாள், அதே மகள், யாரோ தடித்த குரல்காரிபோல. மேசையைத் திருப்பியதிலிருந்து பேசின் வருவது இடது பக்கமல்லவா!

மறுநாள் டொக்கென்ற ஒரு பேசினை உடைக்காமல், ஸ்டூலைத் திருப்பிப் போட்டு வலது காதைக் காட்டித் தட்டினாள். கணீர். விரிசல் இருந்தால் ஊறிக் காட்டிக்கொடுக்கும் மையைத் தடவித் துடைத்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, பாவி.

அவள் போய்ச் சொன்னதும் சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. கதவைச் சாத்தினார். "அக்கா, ஸ்டூலை அப்படியே திருப்பிப் போட்டுக்கிட்டுப் பேசாம வேலையைப் பாருங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அவளுக்கும் அது இனிக்கத்தான் செய்தது. ஓய்ந்துபோன உடம்பு அல்லவா?

"என் கொழுந்தனை அச்சுக்கு அனுப்புவீங்களா?"

"அதுக்குக் காரணம் எழுதணுமே."

கொஞ்ச நேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப என் காதை எழுதுங்க."

எழுதினார்கள். "ஒரே சத்தம் ரெண்டு காதுக்கும் கொஞ்சம் வித்தியாசமாக் கேக்குறது எல்லாருக்கும் உண்டும்மா, உங்களுக்குக் கூடிப்போச்சு" என்றார் காது டாக்டர். கூடிப்போன காதுக்குத் தட்டுமேசை கிடையாது என்றது அலுவலகம். கொழுந்தன் அச்சுக்குப் போனான். துடைப்பம் இவளுக்கு வந்தது.

முதல்நாள் காலை முற்றத்தில் அதை அவள் கையில் கொடுத்தான். பின்னால் இடுப்புயரத்துக்கு வெள்ளைச் சில்லுகள்.

"இதுல எவ்வளவு நல்லது, அண்ணி?"

"தெரியலையேப்பா."

அவன் போகாமல் நின்றான். "ஒண்ணு சொல்லணும். எந்தக் காதுல சொல்ல?"

அவள் வலது காதைக் காட்டினாள்.

"எனக்குக் கோபம் இன்னும் போகலை."

கணீரென்று கேட்டது. சரிப்பா என்று தலையாட்டிவிட்டு, அவள் குனிந்து கூட்ட ஆரம்பித்தாள்.